ரேடார் திரையிலிருந்து ஓடுபாதை வரை: அப்ரோச் கட்டுப்பாடு (இறங்க வரும் விமானங்களை ஓடுபாதை வரை வழிநடத்தும் பணி) கற்க வருபவர்களுக்கு

ரேடார் திரையில் ஒரு புள்ளி நகர்வதைப் பார்த்ததும் விமானம் இப்போது அங்கேதான் இருக்கிறது என்று நினைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. விமான நிலைய ரேடாரின் ஆன்டெனா ஒரு சுற்றுச் சுற்ற 4 முதல் 5 விநாடி ஆகும். 180 நாட் (மணிக்கு 180 கடல் மைல்) வேகத்தில் வரும் விமானம் நிமிடத்துக்கு 3 கடல் மைல் போகிறது, அதாவது ஒரு சுற்றுக்குள் 0.2 மைல். நீங்கள் பேச வாயெடுத்து, விமானி கேட்டு, திருப்பிச் சொல்லி, குமிழைத் திருப்பி, இறக்கை சாய்வதற்குள் இன்னும் 10 விநாடி போய்விடும். அது அரை மைல். ஆகவே திரையில் இருப்பது பழைய இடம், உங்கள் கட்டளை வேலை செய்யப்போவது வேறோர் இடத்தில். கீழே வரும் கணக்குகள் எல்லாமே இந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான்.

உதாரணத்துக்குச் சென்னை மீனம்பாக்கத்தின் 25-ஆம் ஓடுபாதையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 250 பாகையை நோக்கிய பாதை இது. விமானங்கள் வங்காள விரிகுடாப் பக்கமிருந்து நகரத்தின் மேல் வந்து இறங்கும். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் இதற்குத்தான் வேலை அதிகம். மே, ஜூன் நாட்களில் காலையில் மேற்குக் காற்றில் 25 ஓடிக்கொண்டிருக்கும். கடற்காற்று உள்ளே புகுந்ததும் காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கி, அதே ஓடுபாதையின் எதிர்த்திசையான 07-க்கு மாற்றவேண்டி வரும். இங்கே தரும் உயரங்கள் கணக்குப் போட்டுப் பழகுவதற்கானவை. பணியில் உட்காரும்போது உங்கள் இடத்தின் வரைபடத்தில் உள்ளதுதான் சட்டம். கீழே மைல் என்பதெல்லாம் கடல் மைல், 1.852 கிலோமீட்டர்.

முதலில், அது யார்?

ரேடார் இரண்டு வகை. முதன்மை ரேடார் அலையை அனுப்பி உலோகத்தில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும். ஏதோ ஒன்று இருக்கிறது என்று சொல்லும், யார் என்று சொல்லாது. மழை, கடலலை, பறவைக் கூட்டம் எல்லாவற்றையும் காட்டும். இரண்டாம் நிலை ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி கேட்கும். விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் 1090-இல் பதில் சொல்லும். பதிலில் நான்கிலக்க ஸ்குவாக் எண்ணும் உயரமும் வரும். இலக்கங்கள் 0 முதல் 7 வரை மட்டும் என்பதால் மொத்தம் 4096 எண்கள். மூன்றை மனப்பாடம் செய்துவிடுங்கள்: 7500 கடத்தல், 7600 ரேடியோ பழுது, 7700 அவசரநிலை.

திரையில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பதால் மட்டும் அடையாளம் உறுதியாகிவிடாது. பக்கத்துப் பிரிவு முறையாக ஒப்படைத்திருக்க வேண்டும். இல்லையேல் 'ஸ்குவாக் ஐடென்ட்' (டிரான்ஸ்பாண்டரின் அடையாளப் பொத்தானை அழுத்து) சொல்லி, திரையில் குறி மின்னுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். டிரான்ஸ்பாண்டர் இல்லாத விமானத்தை 30 பாகையோ அதற்கு மேலோ திருப்பச் சொல்லி எந்தப் புள்ளி திரும்புகிறது என்று பார்ப்பது பழைய வழி, இன்றும் செல்லும். இரண்டு விமானங்கள் ஒரே திசையில் பக்கத்துப் பக்கத்தில் போகும்போது இந்த வழியில் இறங்காதீர்கள்.

உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். விமானி சொல்லும் உயரமும் திரையில் உள்ளதும் 300 அடிக்குள் ஒத்திருக்க வேண்டும். குறைந்த செங்குத்து இடைவெளி நடைமுறையிலுள்ள மேல்வான்வெளியில் 200 அடிக்குள். ஒத்துவரவில்லை என்றால் அந்த உயரத்தை நம்பி யாரையும் பிரிக்கக்கூடாது.

முதல் பேச்சிலேயே க்யூஎன்ஹெச் அழுத்தத்தை (விமானி தன் உயரமானியில் வைக்க வேண்டிய, கடல் மட்டத்துக்குக் கணித்த காற்றழுத்தம்) கொடுத்து, விமானி திருப்பிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகு என்றால் கிட்டத்தட்ட 27 முதல் 30 அடி. 1002 என்பதை 1012 என்று வைத்துக்கொண்டவர் தான் நினைப்பதைவிடச் சுமார் 280 அடி தாழ்வாகப் பறப்பார். தாழ்வழுத்த நாளில், மேகத்துக்குள், அது சின்ன எண் இல்லை.

தரைக்கு நீங்கள்தான் பொறுப்பு

அட்டவணைப் பாதையில் வரும்வரை குன்று, கோபுரம் எல்லாம் அந்தப் பாதையை வரைந்தவர்களின் கணக்கில் அடங்கியிருக்கும். 'ஹெட்டிங்' (விமானத்தின் மூக்கு நோக்க வேண்டிய திசை, பாகையில்) கொடுத்து நீங்கள் வெளியே இழுத்த நொடியில் அந்தக் காப்பு போய்விடுகிறது. மேகத்துக்குள் இருக்கும் விமானிக்குத் தான் எதன் மேல் பறக்கிறோம் என்பது முழுதாகத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு ரேடார் நிலையத்துக்கும் குறைந்தபட்ச வெக்டரிங் (ஹெட்டிங் கொடுத்து வழிநடத்துதல்) உயர வரைபடம் இருக்கிறது. அந்தந்தப் பகுதியின் மிக உயர்ந்த தடைக்கு மேல் குறைந்தது 1,000 அடி விட்டு வரைந்தது. சென்னையைச் சுற்றி மலைத்தொடர் இல்லை, பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும்தான் என்று அலட்சியமாக இருக்கலாம் எனத் தோன்றும். அந்தப் பழக்கத்தோடு கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போனால் மேற்குத் தொடர்ச்சி மலை காத்திருக்கும். வரைபடத்தைப் பார்க்கும் பழக்கம் எங்கே கற்றாலும் ஒன்றாக இருக்கட்டும்.

வான்வெளியும் தரை மாதிரிதான். மீனம்பாக்கத்துக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டரில் தாம்பரம் விமானப்படைத் தளம். அந்தப் பக்கம் இழுக்குமுன் ஒருங்கிணைப்பு முடிந்ததா என்று பாருங்கள்.

எத்தனை மைல் ஓட்டம் மிச்சம்?

பயிற்சியில் முதலில் கைவர வேண்டிய கணக்கு இது. விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் எவ்வளவு தூரம் என்பது இங்கே பயன்படாது. நீங்கள் இழுத்துப்போகும் வழியில் ஓடுபாதையைத் தொட இன்னும் எத்தனை மைல் பறக்க வேண்டும், அதுதான் வேண்டும்.

ஜெட் விமானம் 300 அடி இறங்க ஒரு மைல். வேகத்தை 10 நாட் குறைக்க இன்னொரு மைல். தோராயம்தான், ஆனால் பெரும்பாலும் ஏமாற்றாது. 8,000 அடியில் 250 நாட்டில் வருபவரை 2,500 அடியில் 180 நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், 5,500 அடிக்கு 18 மைலும் கொஞ்சமும், 70 நாட்டுக்கு 7 மைல். மொத்தம் 26 என்று வையுங்கள். இது 2,500 அடிக்கு வருவதற்கான ஓட்டம். கடைசி 2,500 அடியை கிளைட் பாத் (இறங்கும் சரிவைக் காட்டும் ரேடியோ கதிர்) பார்த்துக்கொள்ளும், அதற்கு ஏறத்தாழ 7½ மைல் வேண்டும். ஆக, 8,000 அடியில் இருப்பவருக்குத் தொடும்வரை 33, 34 மைலாவது ஓட்டம் இருந்தால்தான் நிதானமாக வந்து சேருவார்.

இப்போது வழியை வரையுங்கள். ஓடுபாதைக்குத் தெற்கே 6 மைல் தள்ளி, 070 ஹெட்டிங்கில் கடலை நோக்கிப் போகிறார். இதுதான் டவுன்விண்ட். ஓடுபாதை முனைக்கு நேர் பக்கவாட்டிலிருந்து 12 மைல் போய் இடதுபுறம் 340-க்குத் திருப்பினால் அது பேஸ், 6 மைல். பிறகு ஓடுபாதைக்கு நேராக வரும் ஃபைனல் 12. கூட்டினால் 30, மூலைகள் வெட்டுப்பட்டுப் போக நிஜத்தில் 28. எனவே அவர் பக்கவாட்டுக்கு வரும்போதே 6,000 அடிவாக்கில் இருக்க வேண்டும். 8,000-இல் இருந்தால் டவுன்விண்டை 3 மைல் நீட்டுங்கள். போக 3, வர 3, ஓட்டத்தில் 6 மைல் கூடும். டவுன்விண்டில் ஒரு மைல் நீட்டினால் இரண்டு மைல் கிடைக்கும் என்ற இந்த விகிதத்தை நினைவில் வையுங்கள். இடைவெளி சரிசெய்யவும் இதே கருவிதான்.

மிச்ச ஓட்டத்தை விமானியிடம் சொல்லிவிடுங்கள். அவருடைய கணினிக்கு உங்கள் மனதில் இருக்கும் வழி தெரியாது. 'முப்பத்தைந்து மைல்' என்று ஒரு வார்த்தை சொன்னால் எவ்வளவு சரிவாக இறங்குவது என்று அவரே பார்த்துக்கொள்வார். சொல்லிவிட்டுப் பிறகு குறுக்கே வெட்டி 22 ஆக்கினால் அவர் மேலே மாட்டிக்கொள்வார். குறுக்குவழி கொடுப்பது தயவு என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். பல நேரம் அது விமானியின் கழுத்தில் கட்டும் கல்.

அதுபோல 'வேகமாக இறங்கு, வேகத்தையும் குறை' என்று ஒரே மூச்சில் கேட்காதீர்கள். மூக்கைத் தாழ்த்தினால் வேகம் ஏறும். எது முதலில் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

திருப்பும் நொடி

கருவி இறங்குமுறையான ஐஎல்எஸ்ஸில் இரண்டு கதிர்கள். லோக்கலைசர் இடவலம் காட்டும், கிளைட் பாத் சரிவைக் காட்டும். சரிவு வழக்கமாக 3 பாகை, மைலுக்குச் சுமார் 318 அடி. கடல் மட்டத்தை ஒட்டிய மீனம்பாக்கத்தில் 2,500 அடியில் சமமாக வருபவர் ஓடுபாதை முனைக்கு 7½ மைலில் கிளைட் பாத்தைச் சந்திப்பார். அதற்கு முன்பே, சமமாகப் பறந்துகொண்டே, லோக்கலைசரில் நிலைபெற்றிருக்க வேண்டும். லோக்கலைசரை வெட்டும் கோணம் 45 பாகைக்கு மேல் போகக்கூடாது, 30 நல்லது.

கிளைட் பாத்தைக் கீழிருந்து பிடிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 3 பாகைக் கதிருக்கு மேலே, 9 பாகை வாக்கில், பொய்க்கதிர் ஒன்று உண்டு. உயரத்தில் விடப்பட்ட விமானம் மேலிருந்து துரத்திக்கொண்டு வரும்போது தானியங்கி அதைப் பிடித்துவிட்டால் எதிர்பாராத மூக்குத் தூக்கலும் வேக இழப்பும் நடக்கும். அந்த விபரீதத்துக்கு விதை போடுவது பெரும்பாலும் உயரத்தைக் குறைக்கத் தாமதமாகக் கொடுத்த அனுமதி.

மேலே வரைந்த 12 மைல் பேஸில், 180 நாட்டில் 340 ஹெட்டிங்கில் ஒருவர் ஃபைனலின் மையக்கோட்டை நோக்கி வருகிறார். 2 மைல் மிச்சமிருக்கும்போது 280-க்குத் திருப்பச் சொல்கிறீர்கள். 60 பாகை திரும்ப, விநாடிக்கு 3 பாகை வீதம், 20 விநாடி. அந்தத் திருப்பமே மையக்கோட்டை நோக்கி 0.9 மைல் தின்றுவிடும். மிச்சத்தை 30 பாகைக் கோணத்தில் முக்கால் நிமிடத்தில் கடந்து, 9½ மைலில் லோக்கலைசரில் உட்காருவார். கிளைட் பாத்துக்கு முன் 2 மைல் சமப் பறப்பு கிடைக்கும்.

இதையே 15 விநாடி தாமதமாகச் சொன்னால் என்ன ஆகும்? முக்கால் மைல் போயிருக்கும். மிச்சம் 1¼. திருப்பத்துக்கே 0.9 போய்விட்டால் கதிர் உயிர்ப்பதும் விமானம் கோட்டைத் தாண்டுவதும் ஒன்றாக நடக்கும். தாண்டிவிட்டால் மறைக்கப் பார்க்காதீர்கள். 'கோட்டைத் தாண்டுகிறீர்கள், இடதுபுறம் 220, வடக்கிலிருந்து பிடியுங்கள்' என்று உடனே சொல்லுங்கள். இடைவெளிக்காக வேண்டுமென்றே தாண்ட வைப்பதானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இல்லையென்றால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து விமானி தானே திரும்பிவிடக்கூடும்.

423 என்ற விமானத்துக்குக் கட்டளை இப்படி இருக்கும்: 'ஃபோர் டூ த்ரீ, டர்ன் லெஃப்ட் ஹெட்டிங் டூ எயிட் ஜீரோ, மெயின்டெய்ன் டூ தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட் அன்டில் கிளைட் பாத் இன்டர்செப்ஷன், க்ளியர்ட் ஐஎல்எஸ் அப்ரோச் ரன்வே டூ ஃபைவ்.' இதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் ஏதாவது ஒன்று காதில் விழாமல் போகும். மிக ஆபத்தான எண்கள் 180 முதல் 250 வரை. ஏனென்றால் அவை ஹெட்டிங்காகவும் இருக்கலாம், வேகமாகவும் இருக்கலாம், நூறு அடிக் கணக்கில் சொல்லும் பறப்பு மட்டமாகவும் இருக்கலாம். 'டூ ஒன் ஜீரோ' என்று மொட்டையாக ஒருபோதும் சொல்லாதீர்கள். ஒன்பதை 'நைனர்' என்று நீட்டுவதும் இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றாகக் கேட்பதால்தான்.

காற்று

மேலே போட்ட கணக்கெல்லாம் காற்றில்லாத உலகத்துக்கு. 2,500 அடியில் மேற்கு-தென்மேற்கிலிருந்து 25 நாட் காற்று என்று வையுங்கள். டவுன்விண்டில் 180 நாட்காரர் தரையைப் பொறுத்து 205-இல் பறப்பார்; ஃபைனலில் 155. நீங்கள் 12 மைலில் பேஸ் திருப்ப நினைத்தால் 11-லேயே வாயைத் திறக்க வேண்டும். பேஸில் காற்று அவரைக் கடலுக்குள் 8 பாகை தள்ளும். ஆகவே 340 கேட்ட இடத்தில் 330 கொடுங்கள். எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிய முதல் விமானத்தின் புள்ளி திரையில் விட்டுச்செல்லும் வால் தடத்தைப் பாருங்கள். அன்றைய பணிக்கு அதுவே அளவுகோல்.

இன்னொன்று. விமானியின் மானி காட்டும் வேகமும் திரையில் தெரியும் தரை வேகமும் ஒன்றல்ல. 10,000 அடியில் மானியில் 250 என்றால் உண்மை வேகம் 290-ஐ ஒட்டி இருக்கும். முன்னால் போகிறவர் 4,000 அடியில், பின்னால் வருகிறவர் 10,000 அடியில், இருவருக்கும் 'ஸ்பீட் டூ ஃபைவ் ஜீரோ' கொடுத்துவிட்டு இடைவெளி ஏன் சுருங்குகிறது என்று விழிப்பவர்கள் நிறைய.

வரிசையும் இடைவெளியும்

பொதுவான ரேடார் இடைவெளி 5 மைல். ரேடாரின் தரம் அனுமதிக்கும் இடங்களில் 3. ஃபைனலின் கடைசி 10 மைலுக்குள் 2½ வரை குறைக்க விதி உண்டு, ஆனால் விமானங்கள் சராசரியாக 50 விநாடிக்குள் ஓடுபாதையை விட்டு வெளியேறுவது போன்ற நிபந்தனைகளோடு. செங்குத்தில் 1,000 அடி.

இவற்றுக்கு மேல் சுழல்காற்று இடைவெளி. இறக்கை முனைகளிலிருந்து கிளம்பும் சுழல், கனமான விமானத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் தாழ்ந்து இறங்கும். 136 டன்னும் அதற்கு மேலும் 'ஹெவி'. ஹெவிக்குப் பின் ஹெவி 4 மைல். ஏ320 போன்ற 'மீடியம்' 5. 7 டன்னுக்கு உட்பட்ட 'லைட்' 6. மீடியத்துக்குப் பின் லைட் 5. ஏ380-க்குப் பின் மீடியம் 7, லைட் 8. வரிசையை அமைக்கும்போதே இதை யோசித்தால் இடம் மிச்சமாகும். இரண்டு ஹெவியை அடுத்தடுத்து விட்டுப் பிறகு மீடியங்களை வைத்தால், ஹெவி–மீடியம்–ஹெவி–மீடியம் என்று கலந்து வைப்பதைவிடக் குறைந்த நேரம் ஆகும்.

வேகம்தான் இடைவெளியைக் காக்கிற கயிறு. டவுன்விண்டில் 220 அல்லது 210, பேஸில் 180, ஃபைனலில் 4 மைல் வரை 160 என்பது பலரும் கையாளும் படிக்கட்டு. ஃபைனலில் திருத்தம் 20 நாட்டுக்குள் இருக்க வேண்டும். 4 மைலுக்கு உள்ளே வேகக் கட்டளையே கூடாது. அங்கே விமானி தன் இறங்கு வேகத்துக்கு வந்து நிலைபெற வேண்டும்.

அந்த 4 மைலில்தான் புதியவர்களின் இடைவெளி கரைகிறது. முன்னவர் 4 மைலில் 160-ஐ விட்டு 135-க்கு வருகிறார். தொட அவருக்கு 107 விநாடி. பின்னவர் அந்த 107 விநாடியும் 160-இல் வந்தால் 4¾ மைல் கடப்பார். முக்கால் மைல் காணாமல் போயிற்று. எதிர்காற்று 20 நாட் இருந்தால் கிட்டத்தட்ட 0.9. ஆக, 3 மைல் வேண்டும் என்றால் 4 மைலுக்கு வெளியே 4 வைத்திருக்க வேண்டும். சுழல்காற்றுக்காக 5 வேண்டும் என்றால் 6. திரையில் 'சரியாக மூன்று' என்று பார்த்துத் திருப்திப்பட்டால் அடுத்த இரண்டு நிமிடத்தில் டவர் (ஓடுபாதையைப் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கோபுரம்) உங்களைத் தொலைபேசியில் அழைக்கும்.

இடம் பற்றவில்லை என்று தெரிந்தால் வெளியிலேயே காத்திருக்க வையுங்கள். ஹோல்டிங் என்னும் நீள்வட்டக் காத்திருப்புச் சுற்றில் 14,000 அடிக்குக் கீழே ஒவ்வொரு நேர்ப்பகுதியும் ஒரு நிமிடம், ஒரு சுற்று சுமார் 4 நிமிடம். ஃபைனலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து எஸ் போல வளைத்து நேரம் தின்பது கடைசி வழி.

ரேடார் பொய் சொல்லும் இடங்கள்

கடலோர ரேடாருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெப்பநிலை தலைகீழாகும் (கீழே குளிர், மேலே சூடு) நேரங்களில் அலை பூமியோடு வளைந்து போய், தொலைவிலுள்ள கப்பலையும் நிலத்தையும் முதன்மை ரேடாரில் கொண்டுவந்து காட்டும். ஆன்டெனாவுக்கு நேர் மேலே கூம்பு வடிவக் குருட்டுப் பகுதி ஒன்றும் உண்டு; அங்கே புள்ளி மறைந்து மறுபக்கம் வரும். இரண்டு விமானங்கள் நெருங்கினால் அவற்றின் பதில்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எண்ணும் உயரமும் குழம்பும். மோட் எஸ் என்னும் டிரான்ஸ்பாண்டர் முறை வந்தபின் ஒவ்வொரு விமானத்தையும் தனித்தனியாக அழைத்துக் கேட்க முடிவதால் இது குறைந்திருக்கிறது.

விமானம் பதில் பேசவில்லை என்றால் பதறுமுன் ஒன்று செய்யுங்கள்: 'கேட்கிறது என்றால் ஐடென்ட் அழுத்துங்கள்.' திரையில் மின்னினால் அவருக்குக் கேட்கிறது, பேசத்தான் முடியவில்லை. கேள்விகளை ஐடென்ட்டாகவும் திருப்பமாகவும் வைத்து அவரை ஓடுபாதை வரை கொண்டுவந்துவிடலாம்.

டவருக்குக் கொடுத்தபின்

லோக்கலைசரில் நிலைபெற்றதும், இடைவெளி சரியாக இருக்கிறது என்று உறுதியானதும் டவர் அலைவரிசைக்கு மாற்றுங்கள். தாமதித்தால் டவரிடம் இறங்கு அனுமதி வாங்க அவருக்கு நேரம் போதாது. மாற்றிவிட்டோம் என்று கண்ணை எடுக்கவும் வேண்டாம். விமானம் 1,000 அடியில் நிலைபெற்றிருக்கவில்லை என்றால் பல நிறுவனங்களின் விதிப்படி மேகமூட்டத்தில் விமானி மேலே ஏறிவிட வேண்டும். அதாவது, கோ-அரவுண்ட்.

அவர் திரும்பி உங்களிடமே வருவார். விமானி அறையில் அந்த ஒரு நிமிடம் வேலை மிக அதிகம். ஏன் ஏறினீர்கள் என்று அப்போதே விசாரிக்காதீர்கள். ஏற வேண்டிய உயரத்தையும் ஹெட்டிங்கையும் மட்டும் சொல்லி, புறப்பட்டுப் போகிறவரிடமிருந்து பிரியுங்கள். 3,000 அடி தாண்டி மூச்சு விட்டபின் இரண்டு கேள்வி: மறுபடி இறங்க வருகிறீர்களா, எரிபொருள் எப்படி? 'மினிமம் ஃப்யூயல்' என்று பதில் வந்தால் முன்னுரிமை கேட்கவில்லை, ஆனால் இனி எந்தத் தாமதமும் தாங்காது என்று பொருள். எத்தனை மைல் ஓட்டம் என்று உடனே சொல்லுங்கள். 'மேடே ஃப்யூயல்' என்று வந்தால் அது அவசரநிலை. ஃபைனலில் வரிசையாக நிற்கிற எல்லோரையும் விலக்கி அவரை முதலில் இறக்குங்கள்.